ஒரே 12 மார்க், ரெண்டு கதை: கேள்வித்தாளுக்குள்ள என்ன நடக்குது?

இந்த எபிசோட்ல ஒரு சின்ன விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல நூத்துக்கணக்கான டெஸ்ட் எழுதியிருப்போம். ஆனா அந்தக் கேள்வித்தாளை டீச்சர் எப்படித் தயார் பண்றாங்க, எது ஈசி, எது கஷ்டம்னு எதை வெச்சு முடிவு பண்றாங்க, கடைசியில மார்க் எப்படிப் போடுறாங்கன்னு யோசிச்சிருக்க மாட்டோம். நான் வேலை பார்க்குறது சாஃப்ட்வேர்ல. அங்கயும் தினமும் டெஸ்ட் எழுதுறதுதான் பொழப்பு. அதனால இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் நெருக்கம்.

இன்னொரு காரணமும் இருக்கு. நான் காரைக்கால்காரன். கடந்த சில வருஷமா எங்க ஊர்ல கேள்வித்தாளோட "கஷ்டம்"ங்கிற அளவுகோலே மாறிப்போச்சு. முதல்ல அதைச் சொல்லிடறேன், அப்பதான் மத்தது புரியும்.

நாகூர் ஒரு பக்கம், வாஞ்சூர் ஒரு பக்கம்

காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தோட ஒரு பகுதி. ஆனா சுத்தியும் தமிழ்நாடு. நாகப்பட்டினத்துல இருந்து பஸ் ஏறினா, நாகூர் தாண்டினதும் வாஞ்சூர் வரும், அங்கேயே எல்லை. கடல் ஒண்ணுதான், பேச்சு ஒண்ணுதான், கல்யாணம் காட்சியெல்லாம் ரெண்டு பக்கமும் கலந்துதான் நடக்கும்.

புதுச்சேரிக்குன்னு தனியா ஒரு கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு பாடத்திட்டம், மாஹே கேரளா, ஏனாம் ஆந்திரா. ரொம்ப காலம் இப்படித்தான் ஓடுச்சு. 2023-24 கல்வியாண்டுல அரசுப் பள்ளிகள்ல 6 முதல் 9 வரைக்கும், கூடவே 11-ம் வகுப்புக்கும் சிபிஎஸ்இ வந்துச்சு. 2025-ல முதல் தடவையா அரசுப் பள்ளிப் பசங்க 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வை சிபிஎஸ்இ-ல எழுதினாங்க.

அதாவது, நாகூர் அரசுப் பள்ளியில 10-ம் வகுப்பு படிக்கிற பையனும் வாஞ்சூர்ல இருந்து காரைக்கால் பக்கம் அரசுப் பள்ளிக்குப் போற பொண்ணும் படிக்கிற கணக்குல பெரும்பகுதி ஒண்ணுதான். கேள்வித்தாள்தான் வேற.

தமிழ்நாடு 10-ம் வகுப்பு கணக்குத் தாளைப் பாருங்க. 100 மார்க். 14 ஒரு மார்க் கேள்வி. ரெண்டு மார்க்ல 14 கொடுத்து 10 எழுதச் சொல்வாங்க. அஞ்சு மார்க்லயும் 14-க்கு 10. எட்டு மார்க்ல ரெண்டு, அதுலயும் இது இல்லன்னா அது. சிபிஎஸ்இ தாள் 80 மார்க்குக்கு 38 கேள்வி: ஒரு மார்க் 20, ரெண்டு மார்க் 5, மூணு மார்க் 6, அஞ்சு மார்க் 4. அப்புறம் ஒரு சூழ்நிலையை விவரிச்சுட்டு அதுல இருந்து கேள்வி கேக்குற நாலு மார்க் 'கேஸ் ஸ்டடி' 3.

இதுல கவனிக்க வேண்டியது 'சாய்ஸ்'. 14-ல 10 எழுதுன்னு சொன்னா, கட்டாய வினா ஒண்ணு தவிர, கஷ்டமான மூணு நாலு கேள்வியை மாணவரே தூக்கி ஓரமா வெச்சிடலாம். சிபிஎஸ்இ-ல சில கேள்விக்கு மட்டும் "இது அல்லது அது" இருக்கும், மொத்தமா ஒதுக்க முடியாது. கேள்வி ஒரு வார்த்தை மாறாம இருந்தாலும், சாய்ஸை எடுத்துட்டா தாள் கஷ்டமாயிடும். அதனால கஷ்டத்தை ஒவ்வொரு கேள்வியிலயும் தனித்தனியாத் தேடினா போதாது, தாளோட அமைப்பையும் பார்க்கணும்.

ப்ளூபிரிண்ட்னா என்ன?

பி.எட். படிச்ச எந்த டீச்சரைக் கேட்டாலும் 'ப்ளூபிரிண்ட்' பத்திச் சொல்வாங்க. வீடு கட்டுறதுக்கு முன்னாடி வரைபடம் போடுற மாதிரி, கேள்வி எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கட்டம் போடணும். அதுல மூணு விஷயம் இருக்கும். எந்தப் பாடத்துல இருந்து எத்தனை மார்க், எந்தத் திறனைச் சோதிக்கிறோம், எந்த வகைக் கேள்வி. இதோட எளிது, நடுத்தரம், கடினம்னு ஒரு விகிதமும் போடுவாங்க. 30, 50, 20 சதவீதம்ங்கிறது வழக்கமா சொல்லிக்கொடுக்கிற ஒரு விகிதம். அதுதான் சட்டம்னு இல்ல, வகுப்பைப் பொறுத்து மாத்திக்கலாம்.

திறன்னு சொன்னேன் இல்லையா, அதுக்குப் பின்னாடி இருக்கிறது பெஞ்சமின் புளூம்ங்கிற அமெரிக்கக் கல்வியாளர். சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்தவர். 1956-ல அவரும் அவரோட குழுவும் சேர்ந்து கற்றலை ஆறு படியாப் பிரிச்சாங்க. 2001-ல அதைத் திருத்தினாங்க. இப்ப நாம சொல்றது: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல். புளூம் 1957-ல இந்தியாவுக்கே வந்து, இங்க தேர்வு முறையைச் சீர்திருத்துறதுக்கு ஆலோசனை சொல்லியிருக்கார். நம்ம ஊர் டீச்சர் நோட்டுல அந்தக் கட்டம் வந்து உக்காந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்ப ஒரு 25 மார்க் வகுப்புத் தேர்வு வைப்போம். 45 நிமிஷம். ஒரு மார்க் 4, ரெண்டு மார்க் 2, இந்த 8 மார்க் எளிது. மூணு மார்க் 4, அந்த 12 மார்க் நடுத்தரம். அஞ்சு மார்க் ஒண்ணு, அது கடினம். கூட்டினா 25. கிட்டத்தட்ட 30-50-20 வந்துடுச்சு.

எளிது முதல்ல, கடினம் கடைசியில வைக்கிறது நல்ல பழக்கம். முதல் கேள்வியே மண்டையைக் காய வெச்சா, தெரிஞ்ச பையனுக்கும் கை நடுங்கிடும். அப்புறம் அந்த டெஸ்ட் கணக்கை அளக்காது, பதட்டத்தைத்தான் அளக்கும்.

ஒரே கணக்கு, மூணு படி

கூட்டுத் தொடர்வரிசை ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு எண்ணும் ஒரே அளவுல கூடிக்கிட்டே போகும், அதான்.

முதல் படி: 3, 7, 11 என்ற வரிசையில 20-வது எண் என்ன? சூத்திரம் தெரிஞ்சா போதும். 3 கூட்டல் 19 தடவை 4, விடை 79.

ரெண்டாவது படி: ஒரு படகு உரிமையாளர் வட்டியில்லாக் கடன் வாங்கியிருக்கார். முதல் மாசம் 3,000 ரூபாய் கட்டுறார். மாசாமாசம் 400 ரூபாய் கூட்டிக் கட்டுறார். எந்த மாசம் அவர் கட்டுற தவணை 10,600 ரூபாய் ஆகும்? இதுக்கும் விடை 20-வது மாசம். அதே சூத்திரம்தான். ஆனா இது கூட்டுத் தொடர்வரிசைன்னு கேள்வியில எங்கயும் எழுதியிருக்காது, படிக்கிறவங்களே கண்டுபிடிக்கணும். தெரிஞ்சதும் தெரியாததும் இடம் மாறியிருக்கு.

மூணாவது படி: கடன் ஒரு லட்சம். முதல் திட்டம், மாசம் 5,000 ரூபாய் ஒரே அளவு. ரெண்டாவது திட்டம், 3,000-ல ஆரம்பிச்சு மாசம் 400 ஏறும். எது சீக்கிரம் முடியும்? அவருக்கு எது நல்லது, ஏன்?

முதல் திட்டம் 20 மாசம். ரெண்டாவதுல 16 மாசத்துல 96,000 ரூபாய் கட்டியிருப்பார், பாக்கி 4,000-ஐ 17-வது மாசம் கட்டி முடிச்சிடலாம். சரி, அப்ப ரெண்டாவதுதானே நல்லது? அங்கதான் கேள்வி இருக்கு. 16-வது மாசம் தவணை 9,000 ரூபாய். நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. பெரிய தவணை அந்த மாசத்துல வந்து விழுந்தா என்ன பண்ணுவார்? ஒருத்தர் "முதல் திட்டம்தான், ஏன்னா தவணை நிலையா இருக்கு"ன்னு எழுதலாம். இன்னொருத்தர் "கடன் எந்த மாசம் ஆரம்பிக்குதுங்கிறதைப் பொறுத்து"ன்னு எழுதலாம். கணக்கு சரியா இருந்து காரணமும் பொருந்தினா ரெண்டுக்கும் முழு மார்க்.

மூணு படியிலயும் பாடம் ஒண்ணுதான். மாறினது, மாணவர் தானா எடுக்க வேண்டிய முடிவுகளோட எண்ணிக்கை.

கஷ்டம் வேற, ஆழம் வேற

பல பேர் குழம்புற இடம் இது. ஆறு படியில மேல இருக்கிற கேள்வியெல்லாம் கஷ்டம், கீழ இருக்கிறதெல்லாம் ஈசின்னு நினைக்கிறது.

எங்க ஊர் வரலாற்றையே எடுத்துக்குவோம். "பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோட இணைஞ்ச நாள் எது?" விடை 1962 ஆகஸ்ட் 16. இது வெறும் நினைவுகூர்தல், முதல் படி. ஆனா நிறையப் பேர் தப்பு பண்ணுவாங்க. ஏன்னா நிர்வாகம் கை மாறினது 1954 நவம்பர் 1, ரெண்டு தேதியும் மண்டையில மோதும். "ரெண்டுக்கும் நடுவுல ஏன் கிட்டத்தட்ட எட்டு வருஷ இடைவெளி?"ன்னு கேட்டா, அது புரிந்துகொள்ளல். 1956-ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏத்துக்க 1962 ஆச்சுன்னு வகுப்புல கதையாக் கேட்ட பொண்ணுக்கு இதுதான் சுலபமான கேள்வி.

நல்ல டீச்சர் ஒரு கேள்வியைக் கஷ்டமாக்கணும்னா ஆழத்தைக் கூட்டுவாங்க. சோம்பேறித்தனமான வழி, புத்தகத்தோட மூலையில இருக்கிற ஒரு தேதியை எடுத்துக் கேக்குறது. ரெண்டுலயும் மார்க் குறையும். ஆனா ரெண்டாவதுல இருந்து டீச்சருக்கு ஒண்ணும் தெரிய வராது.

அநியாயமான கஷ்டம்

இன்னொரு வகையும் இருக்கு. பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத கஷ்டம். மங்கின ஜெராக்ஸ், "கீழ்க்கண்டவற்றுள் தவறல்லாதது எது" மாதிரி ரெண்டு எதிர்மறை, 45 நிமிஷத் தாள்ல ஒரு மணி நேர வேலை.

காரைக்கால்ல இப்ப இதுல பெருசு மொழி. சிபிஎஸ்இ கணக்குத் தாளை எங்க ஊர்ப் பசங்க இங்கிலீஷ்ல எழுதுறாங்க. கேஸ் ஸ்டடின்னா ஒரு பத்தி படிச்சுப் புரிஞ்சுக்கணும். தமிழ்ல சொன்னா நொடியில போடுற கணக்கை, அந்தப் பத்தியில எது தேவை எது தேவையில்லைன்னு பிரிக்கத் தெரியாம விட்டுடற பொண்ணு இருக்கா. தாள்ல விழுற சைபர் "இவளுக்குக் கணக்கு வரலை"ன்னு சொல்லும். அது பொய்.

இதுக்கு எளிமையான ஒரு சோதனை உண்டு. விட்ட கேள்வியை டீச்சர் வாயால தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பார்க்கணும். இப்ப போட்டுட்டான்னா குறை கணக்குல இல்ல, வாசிப்புல. அதுக்கு மருந்து வேற. இன்னும் பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தா தீராது, தினமும் ஒரு பத்தி சேர்ந்து படிக்கணும்.

மார்க் போடுறதும் ஒரு அளவை

அந்த ஒரு லட்சம் கடன் கணக்குக்கு அஞ்சு மார்க்னு வைங்க. டீச்சர் முன்னாடியே பிரிச்சு எழுதி வெச்சுக்கணும். சரியான சூத்திரத்துக்கு 1, எண்களைச் சரியாப் போட்டதுக்கு 1, கணக்கை முடிச்சதுக்கு 2, காரணத்தோட முடிவு சொன்னதுக்கு 1. நடுவுல கூட்டல் தப்பாகி, அந்தத் தப்பு எண்ணை வெச்சு மீதியைச் சரியாச் செஞ்சிருந்தா, தப்புக்கு ஒரு தடவைதான் மார்க் குறைக்கணும். ஒரே குத்தத்துக்கு மூணு தண்டனை கூடாது.

திருத்துறதுல ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மாணவரோட தாளை முழுசாத் திருத்திட்டு அடுத்ததுக்குப் போகாம, எல்லாரோட முதல் கேள்வியையும் முதல்ல திருத்துறது, அப்புறம் எல்லாரோட ரெண்டாவது கேள்வி. "இவன் நல்லாப் படிக்கிற பையனாச்சே"ங்கிற எண்ணம் அடுத்த விடைக்குள்ள நுழையாது. அதோட, ஒரே கேள்வியில நாப்பது பேர் என்ன பண்ணாங்கன்னு ஒரே மூச்சுல தெரிஞ்சிடும்.

கேள்விக்கும் மார்க் போடலாம்

இங்கதான் என் சாஃப்ட்வேர் மூளைக்கு உற்சாகம். நாம எழுதுற டெஸ்ட் எல்லாமே எப்பவும் பச்சையா வந்தா, ப்ரோகிராம் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. டெஸ்ட்டே எதையும் சோதிக்காம இருக்கலாம். வகுப்புத் தேர்வுக்கும் இதே கதைதான்.

40 பேர் வகுப்புல ஒரு கேள்விக்கு 30 பேர் சரியா எழுதியிருந்தா, 30-ஐ 40-ஆல வகுத்தா 0.75. இதைத்தான் கடினத்தன்மைக் குறியீடுன்னு சொல்றாங்க. பேர் கொஞ்சம் ஏமாத்தும், ஏன்னா எண் கூடக் கூடக் கேள்வி சுலபம்னு அர்த்தம். டீச்சர் 'எளிது'ன்னு நினைச்சு எழுதின கேள்விக்கு 0.25 வந்தா, டீச்சரோட கணிப்புக்கும் வகுப்புக்கும் நடுவுல ஓட்டை இருக்கு.

ரெண்டாவது எண், பிரித்தறி குறியீடு. மொத்த மார்க்ல மேல இருக்கிற 27 சதவீதம், கீழ இருக்கிற 27 சதவீதம் பேரை எடுக்கணும். 40 பேர்ல 11, 11. ஒரு கேள்விக்கு மேல 10 பேர், கீழ 3 பேர் சரின்னா, வித்தியாசம் 7, அதை 11-ஆல வகுத்தா 0.64. அருமையான கேள்வி. இன்னொண்ணுல மேல 4 பேர், கீழ 6 பேர் சரின்னு வைங்க. எண் மைனஸ்ல போயிடும். நல்லாப் படிக்கிறவங்க தப்பா எழுதுற கேள்வின்னா, பெரும்பாலும் கேள்வி குழப்பமா இருக்கு, இல்லன்னா விடைக்குறிப்பே தப்பு. அந்தக் கேள்வியை நீக்கிட்டுத்தான் மார்க் போடணும். இதுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

ரெண்டு தாளா, ஒரே தாளா?

சிபிஎஸ்இ 10-ம் வகுப்பு கணக்குல 2020 தேர்வுல இருந்து ரெண்டு தாள் இருக்கு, ஸ்டாண்டர்ட், பேசிக். பாடத்திட்டம் ஒண்ணுதான், கஷ்டம்தான் வேற. சமீப வருஷப் பாடத்திட்டத்துல 80 மார்க்கை எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு பாருங்க. நினைவுகூர்தலும் புரிதலும் சேர்த்து ஸ்டாண்டர்ட்ல 43, பேசிக்ல 60. பயன்படுத்தலுக்கு ஸ்டாண்டர்ட்ல 19, பேசிக்ல 12. அதுக்கு மேல இருக்கிற படிகளுக்கு 18, பேசிக்ல 8 மட்டும்.

கணக்கைத் தொடர விருப்பமில்லாத பசங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனா இதே மனப்பான்மை ஆறாம் வகுப்புலயே வந்தா ஆபத்து. 'மெல்லக் கற்போர்'னு பட்டியல் போட்டு, அவங்களுக்கு முதல் படிக் கேள்வி மட்டுமே கொடுத்துக்கிட்டிருந்தா, மூணாவது படிக் கேள்வியை அவங்க கண்ணாலயே பார்க்காம பத்தாம் வகுப்புக்கு வந்துடுவாங்க. பார்க்காத கேள்வி எல்லாருக்கும் கஷ்டம்தான். அப்புறம் "பாருங்க, நான் சொன்னேன்ல"ன்னு நாமளே சொல்வோம். ஒரே தாள்ல மூணு படியும் இருக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான். யாரும் எந்தப் படிக்கும் வெளியே நிக்கக் கூடாது.

அந்த 12 மார்க்

இப்ப நம்ம 25 மார்க் தாளுக்குத் திரும்பி வருவோம். ரெண்டு பேர் ஆளுக்கு 12 வாங்கியிருக்காங்க. முதல் பொண்ணு எளிய பகுதியில 8-க்கு 8, நடுத்தரத்துல 4, கடினத்துல சைபர். ரெண்டாவது பையன் எளியதுல 3, நடுத்தரத்துல 5, கடினத்துல 4.

ரேங்க் கார்டுல ரெண்டு பேரும் ஒண்ணு. ரெண்டு வீட்டுலயும் ஒரே திட்டு விழும். ஆனா அந்தப் பொண்ணுக்கு அடித்தளம் உறுதி, அடுத்த படிக்கு யாராவது கை கொடுக்கணும். அந்தப் பையனுக்கு யோசிக்கத் தெரியுது, அடிப்படையிலதான் அவசரமும் ஓட்டையும். ரெண்டு பேரையும் ஒரே டியூஷன்ல உக்கார வெச்சு ஒரே நோட்ஸ் கொடுத்தா, ஒருத்தருக்காவது நேரம் வீண். மொத்த மார்க் இந்த வித்தியாசத்தை மறைச்சிடும், படி வாரியாப் பிரிச்ச மார்க் காட்டிடும். டீச்சர் ப்ளூபிரிண்ட் போடுறதோட முழுப் பலனும் இதுதான். தாள் திருத்தின பிறகு அந்தக் கட்டத்தை மூடி வெச்சுட்டா, பாதி வேலைதான் நடந்திருக்கு.

கேட்டுக்கிட்டிருக்கிற நீங்க டீச்சரா இருந்தா, அடுத்த டெஸ்ட்ல மொத்த மார்க்குப் பக்கத்துல மூணு சின்னக் கட்டம் போட்டு எளிது, நடுத்தரம், கடினம்னு தனித்தனியா எழுதிக் கொடுங்க. டீச்சர் இல்லன்னாலும் வீட்டுல தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளைங்கன்னு யாராவது படிப்பாங்க. அவங்க தாளை வாங்கிப் பாருங்க. எத்தனை மார்க்னு கேக்குறதுக்கு முன்னாடி, எந்தக் கேள்வியில போச்சு, ஏன் போச்சுன்னு கூட உக்காந்து பாருங்க. பத்து நிமிஷம் ஆகும்.

உங்க பள்ளிக்கூடத்துல கேள்வித்தாள் எப்படி இருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.